வாணலியில் எரிந்த வெளிச்சம்

1

நியூயார்க் நகரம், பேயார்ட் தெரு. நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கிறது. நீளத்திலும் அகலத்திலும் பதின்மூன்று அடிகூட இல்லாத ஓர் அறையில் ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர் தூங்குகிறார்கள். இரண்டு மூன்று பேருக்குப் பலகைப் பரண் கிடைத்திருக்கிறது. மிச்சப் பேருக்குத் தரைதான். ஓர் இரவு படுக்க ஆளுக்கு ஐந்து சென்ட். மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று மங்கலாக எரிகிறது. கதவைத் திறந்துகொண்டு சுகாதாரப் போலீசும் ஒரு பத்திரிகைக்காரரும் உள்ளே வருகிறார்கள்.

அந்த அறையின் படம் 1889ஆம் வருடத்தது. எடுத்தவர் ஜேக்கப் ரீஸ். மூட்டைகள், கழற்றிப் போட்ட பூட்ஸ்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஆட்கள். ஒருவர் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நம் பக்கம் பார்க்கிறார். முழுதாக விழித்த முகம் இல்லை அது. எழுப்பப்பட்ட முகம். முகத்தில் விழுந்திருக்கும் வெளிச்சம் எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள், ஏன் என்று எதுவும் தெரியாத முகம்.

புதிதாக கேமரா வாங்கியவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "ஆளை வச்சு எடுக்கும்போது ஃப்ளாஷ் எப்போ போடணும்?" வழக்கமாகக் கிடைக்கிற பதில்: "வெளிச்சம் இல்லைன்னா போடு, இருந்தா வேணாம்." நானும் ரொம்ப நாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பதிலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பேயார்ட் தெருப் படத்தின் முன்னால் அது போதாமல் போகிறது. அங்கே வெளிச்சம் இல்லை, சரி. ஆகவே ஃப்ளாஷ் போட்டது நியாயம் என்று முடித்துவிடலாமா? அந்தத் தூக்கம் யாருடையது?

இதற்குப் பதில் தேடித்தான் ஃப்ளாஷின் வரலாற்றுக்குள் போனேன். போனால், ஏறக்குறைய எல்லா வழியும் நியூயார்க்கிலேயே கொண்டுபோய் விடுகிறது. ஆனால் கதை தொடங்குவது பாரிஸில்.

2

போட்டோகிராஃபி பிறந்து முதல் இருபது வருடம் அது சூரியனின் வேலையாள். மேகம் மூடினால் ஸ்டுடியோ மூட வேண்டியதுதான். அதனால்தான் அந்தக் காலத்து ஸ்டுடியோக்களைக் கட்டடத்தின் மேல்தளத்தில், கண்ணாடிக் கூரை போட்டுக் கட்டினார்கள். குளிர்காலத்து ஐரோப்பாவில் பகலே சில மணி நேரம்தான் என்னும்போது இது பிழைப்புப் பிரச்சினை.

பாரிஸில் நடார் என்ற பெயரில் புகழ்பெற்றிருந்த ஃபெலிக்ஸ் தூர்னஷோன் இதற்கு ஒரு வழி கண்டார். வரிசையாக பேட்டரிகளை அடுக்கி ஆர்க் விளக்கை எரியவிட்டு அந்த வெளிச்சத்தில் படம் எடுத்தார். செயற்கை ஒளியில் படமெடுப்பதற்கு 1861இல் காப்புரிமையும் வாங்கினார். ஊரின் பெரிய மனிதர்கள் எல்லாம் அவர் முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான். ஆனால் முதலில் வந்த படங்கள் அவருக்கே பிடிக்கவில்லை. ஒரே பக்கமிருந்து முகத்தில் அடிக்கும் வெளிச்சம், மறுபக்கம் மையைக் கொட்டியதுபோல் நிழல். பிறகு வெள்ளைப் பலகைகளை வைத்து வெளிச்சத்தைத் திருப்பி, நிழலைக் கொஞ்சம் இளக வைத்தார். இன்று கல்யாண மண்டபத்தில் ஓர் உதவியாளர் தெர்மாகோல் அட்டையையோ வெள்ளை ரிஃப்ளெக்டரையோ பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அதே வேலை.

நடார் அந்த விளக்கை எடுத்துக்கொண்டு பாரிஸின் நிலத்தடி எலும்புக் கிடங்குகளுக்கும் போனார். அங்கே எலும்பு அடுக்கும் வேலையாட்களையும் படத்தில் காட்ட வேண்டும். ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடம்வரை அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. உயிருள்ள மனிதரால் முடியாது. ஆகவே பொம்மைகளுக்குச் சட்டை போட்டு நிற்க வைத்தார். செயற்கை வெளிச்சத்தின் ஆரம்பத்திலேயே இந்தச் சிக்கல் வந்துவிட்டது: வெளிச்சம் கிடைத்தது, மனிதரைக் காணோம்.

மனிதரைக் கொண்டுவந்தது மெக்னீசியம். அந்த உலோகத்தைக் கம்பியாகவோ நாடாவாகவோ இழுத்துப் பற்றவைத்தால் கண் கூசும் வெள்ளை வெளிச்சம் வரும். அதில் நீலமும் ஊதாக் கதிரும் அதிகம். அந்தக் காலத்து பிளேட்டுகள் நீலத்துக்குத்தான் நன்றாக விழித்துக்கொள்ளும், சிவப்பு அவற்றுக்குக் கண்ணே தெரியாது. அதனால் மெழுகுவத்தியாலும் எண்ணெய் விளக்காலும் ஆகாத காரியம் மெக்னீசியத்தால் ஆனது. 1864இல் மான்செஸ்டரில் ஆல்ஃபிரட் பிரதர்ஸ் என்ற போட்டோகிராஃபர், வேதியியல் பேராசிரியர் ஹென்றி ராஸ்கோவை அந்த வெளிச்சத்தில் படம் எடுத்தார். மெக்னீசிய ஒளியை ஆராய்ச்சி செய்தவர்களில் ஒருவரே ராஸ்கோ. தன் முகத்துக்கு முன்னால் என்ன எரியப்போகிறது என்பது அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அப்போது உலகத்திலேயே சில பேர்தான் இருந்திருப்பார்கள். அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாடா எரிய நேரம் பிடித்தது, விலையும் அதிகம், அறை முழுக்க வெள்ளைப் புகை. 1887இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேயும் யோஹான்னஸ் கேடிக்கேயும் மெக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட், ஆன்டிமனி சல்ஃபைடு இரண்டையும் கலந்தார்கள். பற்றவைத்தால் மொத்தமும் ஒரே வீச்சில் எரிந்து முடிந்துவிடும். வெடிமருந்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. 'மின்னல் ஒளித் தூள்' என்ற பொருளில் ஜெர்மனில் பெயர் வைத்தார்கள். ஃப்ளாஷ் உண்மையில் பிறந்தது அன்றைக்குத்தான்.

3

அதே 1887. நியூயார்க்கில் ஜேக்கப் ரீஸ் காலையில் சாப்பிட்டுக்கொண்டே பேப்பர் பார்க்கிறார். நாலே வரியில் ஒரு செய்தி. ஜெர்மனியில் ஏதோ ஒரு தூளைக் கொளுத்தி இருட்டு மூலையைக்கூடப் படம் எடுக்கிறார்களாம். அவர் கூச்சல் போட்டதில் மனைவி பதறிப்போனாராம். பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்த பொருள் அது.

ரீஸ் டென்மார்க்கில் ரீபே என்ற ஊரில் 1849இல் பிறந்தவர். 1870இல் அமெரிக்காவுக்கு வந்து, வேலை கிடைக்காமல் தெருவில் அலைந்தவர். ஒரு மழை இரவில் போலீஸ் ஸ்டேஷனின் இலவசப் படுக்கையறையில் ஒதுங்கினார். அங்கே அவரிடமிருந்த கொஞ்சப் பொருளும் திருடு போனது. வாசலில் காத்திருந்த அவருடைய நாயைப் போலீஸ்காரர் ஒருவர் அடித்தே கொன்றார். அந்த இரவை அவர் கடைசிவரை மறக்கவில்லை. 1877இல் டிரிப்யூன் பத்திரிகையின் போலீஸ் நிருபராகி, மல்பெரி தெருவில் உட்கார்ந்து ஏழைக் குடியிருப்புகளைப் பற்றி வருடக்கணக்கில் எழுதினார். எழுதினதைப் படித்து யாரும் அசையவில்லை.

அந்தக் குடியிருப்புகளின் கணக்கு எளிது. மனை பெரும்பாலும் 25 அடி அகலம், 100 அடி நீளம். அதில் முடிந்தவரை கட்டடத்தை அடைத்து, மாடிமேல் மாடி எழுப்பி, ஒரு தளத்துக்கு நாலு குடும்பத்தை வைப்பார்கள். இரண்டு பக்கமும் அடுத்த கட்டடத்தின் சுவர். ஜன்னல் வைக்க இடம் முன்னாலும் பின்னாலும் மட்டுமே. நடுவில் இருக்கும் அறைகளில் நடுப்பகலிலும் இருட்டுத்தான். ஒருவர் அதில் பிறந்து, அதிலேயே காசநோய் வந்து சாகலாம். அந்த இருட்டு இயற்கை கொடுத்தது இல்லை. வீட்டுக்காரர் கட்டியது, நகரச் சட்டம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. ஆகவே ரீஸ் படம் பிடிக்க வேண்டியிருந்த முதல் விஷயமே அந்த இருட்டுதான். இருட்டைப் படம் பிடிக்க வெளிச்சம் வேண்டும் என்பதுதான் வேடிக்கை.

சுகாதாரத் துறையில் இருந்த நண்பர் ஜான் நேகிளும், பொழுதுபோக்காகப் படமெடுக்கும் ஹென்றி பிஃபார்டும் ரிச்சர்ட் ஹோ லாரன்ஸும் அவரோடு சேர்ந்தார்கள். ஆரம்பத்தில் தூளைத் தோட்டாவில் அடைத்துத் துப்பாக்கி மாதிரியான கருவியால் சுட்டார்கள். நள்ளிரவில் முன்பின் தெரியாத நாலு ஆண்கள் துப்பாக்கியோடு வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும்? ஜனங்கள் ஜன்னல் வழியாகவும் மாடிப்படி வழியாகவும் ஓடினார்கள். ரீஸ் யோசித்துத் துப்பாக்கியை விட்டுவிட்டு வாணலிக்கு மாறினார். வாணலியில் தூளைக் கொட்டிக் கொளுத்துவது பார்க்க வீட்டுச் சமாசாரம்போல் இருக்கும் என்பது அவர் கணக்கு.

அந்தக் காலத்தில் ஷட்டரும் ஃப்ளாஷும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. செய்முறை இது: கேமராவை நிறுத்து, இருட்டில் லென்ஸ் மூடியைத் திற, தூளைக் கொளுத்து, மூடியை மூடு. மூடி எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் இருட்டு பிளேட்டில் பதியாது, எரிந்த அந்த வீச்சு மட்டும்தான் பதியும். ஆகவே இந்த முறைக்கு இருட்டு தேவை. எதிரில் இருப்பவர் கண்கள் இருட்டுக்குப் பழகி, விரிந்து கிடக்கும்போது வெளிச்சம் உள்ளே போகும். ரீஸின் படங்களில் பல முகங்கள் திகைத்தும் கூசியும் இருப்பதற்கு இந்தச் செய்முறையே பாதிக் காரணம்.

பார்வையற்றவர்கள் ஐந்து பேர் வாழ்ந்த ஒரு மாடியறையில் தூளைக் கொளுத்தியபோது சுவரில் தொங்கிய கந்தலில் தீப்பிடித்துக்கொண்டது. நெருப்பு பரவுவது ரீஸுக்கு மட்டும் தெரிகிறது, அறையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தனியாக அதை அமுக்கி அணைத்தார். கீழே வந்து போலீஸ்காரரிடம் சொன்னால் அவர் சிரிக்கிறார்: அந்தக் கட்டடம் அவ்வளவு அழுக்கு, நெருப்புகூடப் பிடிக்காதாம். வீடுகளுக்கு இரண்டு தடவையும் தனக்கே ஒரு தடவையும் தீ வைத்துக்கொண்டதாக ரீஸ் பின்னால் சுயசரிதையில் எழுதினார்.

1890இல் 'மறுபாதி எப்படி வாழ்கிறது' புத்தகமாக வந்தது. தியடோர் ரூஸ்வெல்ட் அதைப் படித்துவிட்டு, உதவ வந்தேன் என்று ரீஸின் அலுவலகத்தில் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். பிற்பாடு ரூஸ்வெல்ட் போலீஸ் ஆணையர் குழுவின் தலைவரானபோது, 1896இல் போலீஸ் ஸ்டேஷன் படுக்கையறைகள் மூடப்பட்டன. நாய் செத்து இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. மல்பெரி தெருவின் மோசமான வளைவு இடிக்கப்பட்டுப் பூங்கா ஆனது. 1901இல் புதிய குடியிருப்புச் சட்டம் வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் புத்தகத்தில் சீனர்கள், யூதர்கள், இத்தாலியர்கள் பற்றி ரீஸ் எழுதிய பல பக்கங்களை இன்று முகம் சுளிக்காமல் படிக்க முடியாது. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு சுபாவத்தை ஒட்டிவிட்டுப் போகிறார். படங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதாகவும் தெரியவில்லை. அந்த மக்களுக்காக எடுத்த படங்கள்தான். ஆனால் அவர்களிடமிருந்து வாங்கிய படங்கள் இல்லை, எடுத்துக்கொண்ட படங்கள்.

4

அதே தூள் இன்னொருவர் கையில் என்ன செய்தது என்று பார்க்கலாம்.

லூயிஸ் ஹைன் பள்ளி ஆசிரியர். 1904இல் நியூயார்க் துறைமுகத்தில் இருக்கும் எல்லிஸ் தீவுக்கு கேமராவோடு போனார். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்திறங்கும் லட்சக்கணக்கான மக்கள் அங்கேதான் வரிசையில் நின்று பரிசோதனை முடித்து உள்ளே போக வேண்டும். கூட்டம், இரைச்சல், ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. அதற்கு நடுவில் ஹைன் ஒரு குடும்பத்தையோ ஒரு தாயையோ தேர்ந்தெடுப்பார். ஸ்டாண்டை விரித்து, பெட்டிக் கேமராவை அதன்மேல் ஏற்றி, போகஸ் பார்த்து, தட்டில் தூளைக் கொட்டுவார். இடையில் கூட்டம் இடித்துத் தள்ளும். மொழி தெரியாததால் எல்லாம் கைச்சாடைதான். இப்படி நில்லுங்கள், இங்கே பாருங்கள், இதோ இது எரியும். தூள் எரிந்தால் புகை மண்டிவிடும் என்பதால் ஒரே வாய்ப்பு.

ஹைன் கொண்டுபோன வசதி ரீஸிடம் இருந்ததைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் படத்தில் இருப்பவர்கள் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். களைத்த முகம்தான், பயந்த முகமும் உண்டு. ஆனால் தாங்கள் படமாகிறோம் என்று தெரிந்த முகம். தலைத்துணியைச் சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைத்த முகம். மான்செஸ்டர் பேராசிரியருக்கு இருந்தது இவர்களுக்கும் இருந்தது: என்ன எரியப்போகிறது என்கிற தகவல்.

1908 முதல் ஹைன் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் பஞ்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் போனார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பைபிள் விற்பவர், தபால் அட்டை விற்பவர், தீயணைப்புச் சோதனை அதிகாரி என்று வேஷம் போட்டார். குழந்தைகளின் பெயர், வயது, என்ன வேலை எல்லாவற்றையும் சட்டைப்பைக்குள் கையை விட்டே ரகசியமாகக் குறித்துக்கொள்வார். தன் கோட்டின் எத்தனையாவது பொத்தான்வரை குழந்தை வருகிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிடுவார். கவனித்தால் ஒன்று புரியும். ஹைன் பொய் சொன்னார், ஆனால் சொன்னது முதலாளியிடம். படத்தில் நிற்கும் குழந்தையிடம் அவர் பெயர் கேட்டார்.

5

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கும். ஃப்ளாஷ் என்றாலே அத்துமீறல், இருக்கிற வெளிச்சத்தில் எடுப்பதே மரியாதை. நம்மில் பல பேர் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். ஃப்ரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸோன் ஃப்ளாஷைத் தொடவே மறுத்தவர். இருக்கும் வெளிச்சத்துக்குக் கொடுக்கும் மரியாதைக்காகவாவது அதைப் போடக்கூடாது என்பது அவர் கட்சி. தெருப் படம் எடுக்கும் இளைஞர்களிடம் இன்றும் இது ஒரு மதம்போல் இருக்கிறது.

ஆனால் நியூயார்க்கின் சுரங்க ரயில் இந்த முடிவைக் கெடுத்துவிடுகிறது. 1938 முதல் 1941 வரை வாக்கர் எவன்ஸ் தன் கோட்டுக்குள் சின்ன கேமராவை ஒளித்து, லென்ஸ் மட்டும் பொத்தான் இடுக்கில் எட்டிப்பார்க்கும்படி வைத்து, எதிர் இருக்கையில் உட்கார்ந்தவர்களைப் படம் எடுத்தார். கைப்பிடிக் கம்பி சட்டைக் கைக்குள் ஓடும். ஃப்ளாஷ் இல்லை, பெட்டியில் இருந்த மங்கலான விளக்கு மட்டும்தான். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அருமையான முகங்கள், தனக்குள் மூழ்கிய முகங்கள். எவன்ஸுக்கே உறுத்தியிருக்க வேண்டும், அந்தப் படங்களை 1966இல்தான் புத்தகமாகப் போட்டார். யாரையும் எழுப்பவில்லை, யார் கண்ணும் கூசவில்லை. ஆனால் பேயார்ட் தெரு ஆளுக்குத் தெரிந்த அளவுகூட இந்தப் பயணிகளுக்குத் தெரியாது. அவருக்கு யாரோ எதையோ செய்துவிட்டார்கள் என்றாவது தெரிந்தது.

இங்கேதான் ஃப்ளாஷின் ஒரு குணத்தைக் கவனித்தேன். அது தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொள்ளும். டப்பென்று வெடிக்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், எடுத்தவர் நின்ற இடம் தெரிந்துவிடும். திட்டலாம், துரத்தலாம், இன்னொரு தடவை எடுங்க என்று சொல்லலாம்.

இதை நன்றாக அறிந்தவர் வீஜி. உண்மைப் பெயர் ஆர்தர் ஃபெலிக். சிறுவனாக ஐரோப்பாவிலிருந்து வந்து, ரீஸ் படமெடுத்த அதே கீழ்க்கிழக்குப் பகுதியின் குடியிருப்புகளில் வளர்ந்தவர். அவர் காலத்தில் தூள் போய் பல்பு வந்துவிட்டது. 1920களின் முடிவில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த அந்தக் கண்ணாடி பல்புக்குள் மெல்லிய உலோகத் தகடும் ஆக்சிஜனும் இருக்கும். பேட்டரியால் பற்றவைக்கலாம், புகை வெளியே வராது, ஒரு பல்பு ஒரு படத்துக்குத்தான். வீஜி தன் கேமராவை எப்போதும் எஃப் 16, ஒரு நொடியில் 200இல் ஒரு பங்கு, பத்தடி தூரம் என்று வைத்திருப்பார். யோசிக்கவே வேண்டாம். பத்தடியில் நின்று அழுத்தினால் முகம் பளிச், பின்னால் நகரமே கறுப்பு. கொலை நடந்த நடைபாதை, தீப்பிடித்த கட்டடம், கைதாகி முகத்தை மறைத்துக்கொள்பவர்கள். ஏழைகளைப் பற்றி வெளியாள் எடுத்த படம் என்று இவற்றைத் தள்ள முடியாது. அந்தத் தெரு அவருடையதும்தான்.

அதே வீஜி 1940களில் சினிமாக் கொட்டகைகளின் இருட்டில் இன்ஃப்ராரெட் ஃபிலிமும் கண்ணுக்குத் தெரியாத ஃப்ளாஷும் வைத்துப் படமெடுத்தார். முத்தமிடும் ஜோடிகள், தூங்கிவழியும் சிறுவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்திருப்பவர்கள். ஃப்ளாஷிடம் இருந்த ஒரே நேர்மையையும், அதாவது தன்னைக் காட்டிக்கொள்வதையும், அவர் கழற்றிவிட்டார்.

6

1931இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்ட் எட்ஜர்டன் வாயுக் குழாய்க்குள் மின்சாரத்தைப் பாய்ச்சி மறுபடி மறுபடி மின்னும் எலெக்ட்ரானிக் ஃப்ளாஷை உருவாக்கினார். இன்று நம் கேமராவில் இருப்பது அதன் வாரிசு. கொளுத்த வேண்டாம், பல்பு மாற்ற வேண்டாம். வெளிச்சம் சுலபமானதும் பகலிலேயே ஃப்ளாஷ் போட ஆரம்பித்தார்கள். 1960களில் டயான் ஆர்பஸ் நல்ல பகல் வெளிச்சத்திலும் ஃப்ளாஷ் போட்டுத் தெருவில் சந்தித்தவர்களைப் படமெடுத்தார். எடுக்கப்பட்டவர்கள் நேராக நின்று, தெரிந்தே கேமராவைப் பார்த்தார்கள்.

பகல் ஃப்ளாஷின் கடைசி எல்லைக்குப் போனவர் ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா. 1999 முதல் 2001 வரை டைம்ஸ் ஸ்கொயரில் கட்டடச் சாரத்தின் மேலே ஃப்ளாஷ் விளக்குகளைக் கட்டி வைத்தார். தூரத்தில் கேமராவோடு நின்றார். குறிப்பிட்ட இடத்தை யாராவது கடக்கும்போது ரேடியோ சமிக்ஞையால் விளக்கைத் தட்டுவார். பகல் வெளிச்சத்தில் அந்த மின்னல் தெரிவதே இல்லை. ஆயிரக்கணக்கில் எடுத்து 17 முகங்களைக் காட்சிக்கு வைத்தார். ஏதோ சர்ச் ஓவியத்தில் வரும் புனிதர்கள்மீது வெளிச்சம் இறங்குவதுபோல், கூட்டத்திலிருந்து ஒவ்வொரு முகமும் தனியே எழுந்து நிற்கும். எனக்குப் பிடித்த படங்கள் அவை. அதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

அந்த 17 பேரில் ஒருவர் மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றும் யூத முதியவர். தன் உருவத்தைப் படமாக்குவது தன் மத நம்பிக்கைக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார். 2006இல் நியூயார்க் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பொது இடத்தில் எடுத்த அந்தப் படம் கலை, கலை பேச்சுரிமையின் பாதுகாப்புக்குள் வரும் என்றது தீர்ப்பு. வழக்குப் போடும் காலக்கெடு முடிந்துவிட்டதும் ஒரு காரணம்.

சட்டப்படி சரி. நானும் தெருவில் படமெடுப்பதைத் தடுக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். தடுத்தால் ஹைனின் பாதிப் படங்கள் இருக்காது. ஆனால் நீதிமன்றம் பதில் சொன்னது 'எடுக்கலாமா' என்ற கேள்விக்கு. 'எடுத்தது எனக்குத் தெரிய வேண்டாமா' என்று அந்த முதியவர் கேட்டது அப்படியே நிற்கிறது.

7

சரி, ஃப்ளாஷ் எப்போது போடணும்?

தொழில் ரீதியாக எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் ஜன்னல் இருந்தால் ஆளை அங்கே உட்கார வையுங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். ஜன்னலே இல்லாவிட்டால் ஃப்ளாஷ் போடுங்கள். ஆனால் நேராக முகத்தில் அடிக்காதீர்கள். நம் வெக்கையில் வியர்த்த முகத்தில் நேர் ஃப்ளாஷ் பட்டால் நெற்றியும் மூக்கும் எண்ணெய் தடவியதுபோல் மின்னும். கேமராவின் தலையிலேயே ஃப்ளாஷ் இருந்தால் வெளிச்சம் விழித்திரையில் பட்டு நேரே லென்ஸுக்குத் திரும்பும், கண் சிவக்கும். வெள்ளை மேற்கூரையிலோ சுவரிலோ அடித்துத் திருப்புங்கள். நடார் பலகை வைத்துச் செய்தது அதுதான். ஃப்ளாஷைத் தள்ளி வைத்தால் தூரம் இரண்டு மடங்காகும்போது வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும் என்பதை மறக்காதீர்கள். ஷட்டரைக் கொஞ்சம் மெதுவாக்கினால் அறையின் வெளிச்சமும் படத்துக்குள் வரும், ஆள் வீஜியின் கறுப்பில் மிதக்க மாட்டார்.

பலருக்கும் வியப்பாக இருப்பது அடுத்தது: நம் ஊரில் ஃப்ளாஷ் அதிகம் தேவைப்படுவது உச்சி வெயிலில். தலைக்கு மேலே சூரியன், புருவத்துக்குக் கீழே கண் இரண்டும் குழியில் போய்விடும். கறுத்த முகமென்றால் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரைப் பார்த்து ஏமாந்து கேமரா முகத்தை இன்னும் இருட்டாக்கும். அந்த நேரத்தில் லேசாக ஒரு ஃப்ளாஷ் அந்தக் கண்களைத் திருப்பிக் கொடுக்கும். இது அலங்காரத்துக்காகச் செய்வதில்லை. அந்த ஆளை ஆளாகக் காட்டுவதற்கு.

தொழில்நுட்பம் இவ்வளவுதான். இதற்கு மேல் இருப்பதை நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் யாரும் கற்றுக்கொடுக்காமலேயே தெரிந்து வைத்திருந்தார்கள். குடை லைட்டைத் திருப்பிவிட்டு, "ரெடியா? கண்ணை மூடிடாதீங்க... ஒன், டூ, த்ரீ" என்பார்களே, அந்த எண்ணிக்கை வெறும் சடங்கு என்று நினைத்திருந்தேன். இந்த வரலாற்றைப் படித்த பிறகு அது வேறாகத் தெரிகிறது. மின்னல் வரப்போகிறது என்று எதிரில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்வது அது. மூன்று எண்ணுவதற்குள் தாவணியைச் சரிசெய்யலாம், சட்டைக் காலரை இழுத்துவிடலாம், வேண்டாம் என்று எழுந்தும் போகலாம். ஹைன் கைச்சாடையில் செய்தது இதுதான். ரீஸ் செய்யாமல் விட்டதும் இதுதான்.

அப்படியென்றால் ரீஸ் ஃப்ளாஷ் போட்டிருக்கக் கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுப்பிக் கேட்டிருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்காது, படம் இல்லாமல் பத்து வருடம் எழுதியதை யாரும் மதிக்கவும் இல்லை. ஆனால் அந்தப் படம் வேலை செய்தது என்பதற்காக, கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் அந்த மனிதருக்குக் கொடுக்க வேண்டியது தீர்ந்துவிடவில்லை. இரண்டையும் சேர்த்தே நான் அந்தப் படத்தைப் பார்க்கிறேன்.

1901ஆம் வருடச் சட்டம் என்ன செய்தது என்று சொன்னால் இதற்கு இன்னும் அர்த்தம் வரும். புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் ஒவ்வோர் அறைக்கும் வெளியே திறக்கும் ஜன்னல் வேண்டும் என்றது. ஏற்கெனவே கட்டிய கட்டடங்களின் நடு அறைக்கு வெளிச்சுவர் கிடையாதே, என்ன செய்வது? உட்சுவரையே வெட்டி, வெளி ஜன்னல் இருக்கும் பக்கத்து அறையைப் பார்த்து ஒரு ஜன்னல் வை என்றது. மன்ஹாட்டனில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே இந்த மாதிரி உள்ஜன்னல்களைப் பார்க்கலாம். வீட்டுக்குள்ளேயே, ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் நடுவில், பார்க்க விசித்திரமாக நிற்கும் ஜன்னல்கள். பகல் வெளிச்சம் முன்னறையைத் தாண்டி, அந்தச் சதுரத்தின் வழியாகக் கொஞ்சமாக நடு அறைக்கு வரும்.

அந்த அறையில் ஒருவரை உட்கார வைத்துப் படம் எடுக்க அதற்குப் பிறகு வாணலி தேவைப்பட்டிருக்காது.